நூற்றுக்கு ஐந்து

நாளை நடக்கவிருப்பதை இன்றே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை மாந்தரினத்தோடு உடன் பிறந்தது. குறி கேட்பதும், நாள் பார்ப்பதும், சாதகம் கணிப்பதும் அவ்வேட்கையின் விளைவுகளே. அறிவியல் வளர்ந்த இந்நாளிலும் அது தணியவில்லை. அதன் உருவம் மட்டும் மாறியுள்ளது. ஓலையைப் புரட்டியவர் இருந்த இடத்தில் இன்று எண்களைக் கூட்டுகிறவர் அமர்ந்திருக்கிறார். அவ்வாறு எண்களைக் கூட்டிச் சொல்லப்படும் முன்கணிப்பு ஒரு தனிமனிதனைப் பற்றி உண்மையில் எதைச் சொல்கிறது? அதைச் சொன்னவருக்கு அதனால் நேரும் கடமை யாது? இவ்விரு வினாக்களையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவை நூலகத்தில் அமர்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியவை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மருத்துவமனையில், என் அண்ணனின் கட்டிலருகே எழுந்தவை.

அண்ணனுக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பின்னர் லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவர். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றதும் அவர் சம்பாதித்த காசில்தான். இருபது ஆண்டுகளாக அவருக்கு இனிப்பு நீர் உண்டு. உடல் பருமனும் உண்டு. இதயத்திற்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்கள் மூன்றில் அடைப்பு ஏற்பட்டமையால், பைபாஸ் அறுவை செய்தாக வேண்டும் என்றனர். அறுவைக்கு இரண்டு நாள் முன்னதாக இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்து மலாய் மொழியில் விளக்கினார். நான் அதைத் தமிழில் அண்ணனுக்குச் சொன்னேன்.

அவர் கூறியவற்றுள் ஒன்று இது. அண்ணனைப் போன்ற உடல்நிலை உடைய நூறு பேருக்கு இவ்வறுவையைச் செய்தால், ஏறத்தாழ ஐந்து பேருக்கு நெஞ்சிலோ காலிலோ உள்ள அறுவைப் புண்ணில் கிருமி தொற்றக்கூடும். நான் சொல்லி முடித்ததும் அண்ணன் சிறிது நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, அந்த அஞ்சு பேரில் நான் ஒருத்தனா, இல்லை மிச்சம் இருக்கிற தொண்ணூத்தஞ்சு பேரில் ஒருத்தனா? அதைக் கேட்டுச் சொல்லு" என்றார்.

நான் அவ்வினாவை மலாயில் மொழிபெயர்த்தேன். மருத்துவர் சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் நூற்றுக்கு ஐந்து என்று சொல்கிறேன்" என்றார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்தவன் நான். நூற்றுக்கூறு என்பது அறிவை மட்டுமன்றி அறியாமையையும் அளந்து காட்டும் கருவி என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முதலில், மருத்துவர் அஞ்சுவது எதற்கு என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. இவ்வறுவையில் மார்பெலும்பை நடுவே நெடுக்காக அறுத்துத் திறக்கின்றனர். காலிலிருந்து எடுத்த நாளத்தையும், மார்புச் சுவரின் உட்புறம் ஓடும் தமனியையும் கொண்டு அடைப்புக்கு அப்பால் குருதிக்குப் புதுவழி அமைக்கின்றனர். பணி முடிந்ததும் எலும்பை எஃகுக் கம்பிகளால் இறுகக் கட்டித் தோலைத் தைக்கின்றனர். எலும்பு கூடுவதற்கு வாரக் கணக்காகும். அதற்குள் கிருமி மேல்தோலில் மட்டும் புகுந்தால் மருந்தால் ஆற்றிவிடலாம். மார்பெலும்பையும் அதற்குப் பின்னுள்ள இடத்தையும் எட்டிவிட்டால், மீண்டும் திறந்து தூய்மை செய்ய நேரும். உயிருக்கே இறுதியாகவும் முடியக்கூடும். ஆழமான அத்தொற்று நூற்றில் ஒருவர் இருவருக்கே நேர்வது எனினும், நேர்ந்தவருக்கு அது முழுத் துன்பமே ஆகும்.

யாருக்கு அது நேரக்கூடும் என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். நீரிழிவு, உடல் பருமன், புகைப்பழக்கம், நாட்பட்ட நுரையீரல் நோய், நெடுநேரம் நீளும் அறுவை, குருதிக் கசிவால் மீண்டும் திறக்க நேர்தல் ஆகியவை இடரை மிகுவிப்பவை. மார்புத் தமனிகள் மார்பெலும்புக்கும் குருதி ஊட்டுபவை ஆதலின், இரு பக்கத்துத் தமனிகளையும் எடுத்துப் பயன்படுத்தினால் எலும்பு ஆறுவது தளரக்கூடும். நீரிழிவு உடையோரிடம் இவ்வச்சம் மிகுதி. இத்தகைய காரணங்களுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டும் முறைகள் பல உள்ளன. இங்கிலாந்தின் பிராம்டன், ஹேர்ஃபீல்ட் மருத்துவமனைகளின் பட்டறிவிலிருந்து 2015ஆம் ஆண்டு வெளிவந்த முறை அவற்றுள் ஒன்று. பெண்ணாயிருத்தல், நீரிழிவும் அதன் மூன்று மாதச் சர்க்கரை அளவும், உடல் பருமன், இதயம் குருதியை வெளியேற்றும் ஆற்றல், அவசர அறுவை ஆகியவற்றை அது கணக்கிற் கொள்கிறது. கட்டிலருகே நின்று விரல்விட்டு எண்ணக்கூடிய எளிமை உடையது.

இனி அண்ணனின் வினாவுக்கு வருவோம். "உங்களைப் போன்ற நூறு பேர்" என்றார் மருத்துவர். அந்த நூறு பேர் யாவர்? அண்ணனைப் போன்றே இனிப்பு நீர் உடையவரா? அவரைப் போன்றே பருத்தவரா? இரண்டும் உடையவரா? அவரோடு ஒத்த வயதினரா? அல்லது முப்பது ஆண்டு லாரி ஓட்டியவரா? ஒவ்வொரு வகையாகக் கூட்டத்தைத் திரட்டும்போதும் விடை மாறும். எல்லாக் கூறுகளும் ஒத்திருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினால், கடைசியில் அந்தக் கூட்டத்தில் அண்ணன் ஒருவரே எஞ்சுவார். ஒருவரைக் கொண்டு நூற்றுக்கூறு காண இயலாது. ஆகவே, நூற்றுக்கு ஐந்து என்னும் எண் அண்ணனின் உடலுக்குள் எழுதப்பட்ட செய்தியன்று. அவரை எந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பதிலிருந்து பிறந்த செய்தி அது. மெய்யான செய்திதான், பயனுள்ள செய்திதான். ஆனால் அது கூட்டத்தின் பண்பு.

இங்கே ஒரு சிறு கணக்கையும் பார்த்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, அறுவைக்கு வரும் ஆயிரம் பேரை இரு பிரிவாகக் கொள்வோம். இடர் மிகுந்தோர் நூறு பேர். அவர்களுள் நூற்றுக்கு ஆறு பேருக்குத் தொற்று வருவதாகக் கொள்வோம். இடர் குறைந்தோர் தொள்ளாயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்கு ஒருவருக்கு வருவதாகக் கொள்வோம். முதற்பிரிவில் துன்புறுவோர் ஆறு பேர். இரண்டாம் பிரிவில் துன்புறுவோர் ஒன்பது பேர். "இவர்களுக்கு அச்சமில்லை" என்று நாம் ஒதுக்கி வைத்த கூட்டத்திலிருந்தே மிகுதியானோர் வந்தனர்! முதற்பிரிவிலும் தொண்ணூற்று நால்வர் நலமாகவே வீடு திரும்பினர். கணிப்பில் பிழை ஏதுமில்லை. ஆயினும், அக்கணிப்பைக் கொண்டு ஒருவரைக் கைவிட்டாலும் தவறு. மற்றொருவரைக் கவனியாது விட்டாலும் தவறு. கணிப்பு எங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று காட்டலாம். எங்கே பாராதிருக்கலாம் என்று அது காட்டுவதில்லை.

ஓர் எண் மனிதனின் கையில் எவ்வாறெல்லாம் பயன்படும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பணியாற்றிய முதற்பிரிவில் தாய்மார்கள் மிகுதியாக மாண்டனர். மருத்துவச்சிகள் பணியாற்றிய இரண்டாம் பிரிவில் சாவு குறைவு. இவ்வேறுபாட்டை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஊர்ப் பெண்களும் அறிந்திருந்தனர். முதற்பிரிவில் தங்களைச் சேர்க்க வேண்டாவென்று மன்றாடினர். எண் தெரிந்தும் அது விதியென்றே கிடந்தது. செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் ஒருவர்தாம், பிண அறுவைக் கூடத்திலிருந்து வரும் கைகளே காரணம் என்று கண்டு, 1847ஆம் ஆண்டு மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ண நீரால் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு அளவில் இருந்த சாவு, ஜூனில் இரண்டு அளவிற்கு இறங்கியது. எண்ணை அறிந்தவர் பலர். அதனைத் தம்மிடம் கேட்கப்பட்ட வினாவாகக் கொண்டவர் ஒருவர்.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், இதய அறுவை செய்துகொண்ட நீரிழிவு நோயாளர் 2,467 பேரைப் பற்றிய ஆய்வு 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. முன்னர் இடைவெளி விட்டுத் தோலடியில் இன்சுலின் போடப்பட்டவர்களுள் நூற்றுக்கு இருவர்க்கு ஆழமான மார்பெலும்புத் தொற்று நேர்ந்தது. பின்னர் நாளத்தின் வழியே இடைவிடாது இன்சுலின் செலுத்திச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தபோது அது நூற்றுக்கு 0.8 ஆயிற்று. இருசாராரும் நீரிழிவு உடையோரே. நீரிழிவு உடையோர்க்குத் தொற்று மிகுதி என்னும் பழைய கணிப்பு பொய்யன்று. அக்கணிப்பைக் கண்டு கைகட்டி நின்றிருந்தால் அது என்றென்றும் மெய்யாகவே இருந்திருக்கும்.

ஆனால், எண் தீமைக்கும் துணை போகக்கூடும். நியூயார்க் மாநிலம் 1990களின் தொடக்கத்தில், பைபாஸ் அறுவையில் நோயாளர் இறக்கும் விகிதத்தை மருத்துவமனைவாரியாகவும் அறுவை மருத்துவர்வாரியாகவும் வெளியிடத் தொடங்கியது. நோயாளரின் இடர்நிலையையும் கணக்கிற் கொண்டே அப்பட்டியல் ஆக்கப்பட்டது. எனினும், தம் பெயருக்கு இழுக்கு வருமென்று அஞ்சி, இடர் மிகுந்த நோயாளரை மருத்துவர்கள் தவிர்க்க முற்படுவரோ என்னும் கவலையும் உடன் எழுந்தது. அதுபற்றி நெடிய வாதம் நடந்தது. தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்துவதற்காக மெல்லப் பயிலும் மாணவரைத் தேர்வுக்கு வராதிருக்கச் செய்யும் பள்ளியை நாம் கற்பனை செய்துகொண்டால், அக்கவலையின் பொருள் நமக்கு விளங்கும்.

கற்பனை செய்துகொள்ள எனக்கு உரிமையில்லை. என் கதையை நான் சொல்லியாக வேண்டும்.

1990களில் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வகுப்புக்கு ஆசிரியனாக இருந்தேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்த காலம் அது. அத்தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. ஆண்டுத் தொடக்கத்திலேயே மாணவர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் ஒரு குறியிட்டேன். முந்தைய மதிப்பெண், பள்ளிக்கு வந்த நாள்கள், தந்தையின் குடி, வீட்டில் மின்விளக்கு உண்டா இல்லையா ஆகியவற்றை எண்ணிப் பார்த்தே குறியிட்டேன். எவர் தேர்வர், எவர் தேறார் என்பதைக் கணித்தேன். தேறுவர் என்று குறித்தவர்களை முன்வரிசையில் அமர்த்தினேன்; மாலை வகுப்பும் அவர்களுக்கே வைத்தேன். நேரமும் ஆற்றலும் குறைவு. பயன்படும் இடத்தில் செலவிடுவதே முறை என்று எனக்கு நானே காரணம் கூறிக்கொண்டேன். பின்வரிசையில் ஒரு சிறுவன் இருந்தான். கேட்ட கேள்விக்கு மெல்ல எழுந்து நிற்பான். விடை சொல்லுமுன் நான் அடுத்தவனைக் கேட்டுவிடுவேன். தேர்வு முடிவு வந்தது. என் பென்சில் குறிகளுள் ஏறத்தாழ எல்லாம் சரியாக இருந்தன. அப்பட்டியலைப் பிற ஆசிரியர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அண்ணனின் கட்டிலருகே நின்றபோது அப்பட்டியல் என் நினைவுக்கு வந்தது. நானும் மருத்துவரும் செய்தது ஒரே செயல்தான். பழைய செய்திகளைக் கூட்டி, வருவதைக் கணித்தோம். அதன் பின்னர் நாங்கள் செய்தவைதாம் வேறு. அண்ணனுக்கு இடர் மிகுதி என்று கண்டபின், சர்க்கரையை மணிக்கணக்கில் அளந்தனர். மூக்கில் குடியிருக்கும் கிருமியை ஒழிக்க மருந்து தடவினர். மார்பு முடியைச் சவரக்கத்தியால் மழித்தால் தோலில் நுண்ணிய காயம் படும் என்று, வெட்டும் பொறியால் களைந்தனர். கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்திற்குள்ளாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தினர். ஒரு பக்கத்துத் தமனியை மட்டுமே எடுப்பது என்று முடிவு செய்தனர். என் மாணவனுக்கு இடர் மிகுதி என்று கண்டபின் நான் செய்தது ஒன்றுதான்: அவனிடமிருந்து என் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மருத்துவர் தம் கணிப்பு பொய்க்க வேண்டுமென்று பாடுபட்டார். நான் என் கணிப்பு மெய்யாகுமாறு என்னை அறியாமலே பாடுபட்டேன்.

இதிலிருந்து நான் பெற்ற தெளிவு இதுவே. கணிப்பு என்பது கணிக்கப்பட்டவன்மீது விதிக்கப்படும் தீர்ப்பன்று. கணித்தவன்மீது ஏறும் கடன். ஒருவனுக்குத் தீங்கு வரக்கூடும் என்று அறிந்த கணமே, அறியாதவனுக்கு இல்லாத பொறுப்பு அறிந்தவனுக்கு உண்டாகிறது. அப்பொறுப்பை ஏற்க விரும்பாதவன் கணிக்காதிருப்பதே நன்று.

"அவ்வாறாயின், நோயாளனுக்குப் பொறுப்பே இல்லையா? இனிப்பு நீரும் பருமனும் அவன் தேடிக்கொண்டவை அல்லவா?" என்று சிலர் வினவலாம். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நலவாழ்வுக் கணக்கெடுப்பில் பெரியோருள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையேதான் அது மிகுதி. நம் வீடுகளில் காலையும் மாலையும் சர்க்கரையும் பாலும் கலந்த தேநீர் இல்லாத நாள் ஏது? ஆயினும், முப்பது ஆண்டுகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தே உழைத்து, சாலையோரக் கடையில் கிடைத்ததை உண்டு, தம்பியைப் படிக்கவைத்த ஒருவரிடம் சென்று, "நீ ஏன் பருத்தாய்?" என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. அவர் உடலில் ஏறிய சுமையில் என் படிப்புச் செலவும் ஒரு பங்கு. காரணம் வேறு, குற்றம் வேறு. காரணத்தைக் கண்டறிவது அறிவு. காரணத்தைக் கண்டதும் குற்றம் சாட்டி ஓய்ந்துவிடுவது, அறிவு போல் தோன்றும் சோம்பல்.

இன்னொரு வினாவும் உண்டு. அச்சமூட்டும் எண்ணை நோயாளனிடம் சொல்லத்தான் வேண்டுமா? மொழிபெயர்க்கும்போது நானும் தடுமாறினேன். "ஒன்றும் ஆகாது அண்ணே, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட நா துடித்தது. சொல்லவில்லை. உடல் அவருடையது, அதைத் திறக்க இசைவு தருபவர் அவர், தெரியாதவற்றுக்கு அவர் தரும் இசைவு இசைவாகாது. மேலும், சொன்னதனால் அவரும் கூட்டாளியானார். வீடு திரும்பிய பின்னர்ப் புண்ணை நாள்தோறும் பார்த்துக்கொள்பவர் மருத்துவர் அல்லரே. எனினும், எண்ணை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவது உண்மை பேசுவதாகாது. "நூற்றுக்கு ஐந்து, அதைக் குறைக்க நாங்கள் செய்வது இது, நீங்கள் செய்யக்கூடியது இது" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வதே முழு உண்மை. அந்த இளம் மருத்துவர் அப்படித்தான் சொன்னார்.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இவை முரண்படுகின்றனவே என்று மாணவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. நான் புத்தகத்திலிருந்த விளக்கத்தைச் சொல்லி வந்தேன். இப்போது கேட்டால் வேறு வகையாகச் சொல்வேன். நம் கையில் இல்லாதது உண்டு என்று அறிந்தவனே நம் கையில் உள்ளதைச் சிதறாமல் செய்வான். நூற்றுக்கு ஐந்து என்பது முதலாவதை நினைவூட்டுகிறது. அதனை நான்காக, மூன்றாக, இரண்டாகக் குறைக்க முயல்வது இரண்டாவது. அதை முற்றிலும் இல்லாததாக்க இன்றளவும் எவராலும் இயலவில்லை. ஆதலின் செருக்குக்கும் இடமில்லை.

அண்ணனுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. நெஞ்சுப் புண் ஆறியது. பன்னிரண்டாம் நாள், நாளம் எடுத்த கால்பகுதியில் சிறிது செந்நிறமும் வெம்மையும் இருப்பதைப் புண் கட்ட வந்த தாதி கண்டார். எல்லாரும் நெஞ்சையே நோக்கியிருக்க, அவர் காலையும் நோக்கினார். ஒரு வாரம் மருந்து கொடுத்தனர், ஆறிவிட்டது. "தம்பி, அப்போ நான் அஞ்சிலா, தொண்ணூத்தஞ்சிலா?" என்று அண்ணன் மீண்டும் கேட்டார். இம்முறை சிரித்துக்கொண்டே கேட்டார். காலைக் கருதினால் ஐந்திலும், நெஞ்சைக் கருதினால் தொண்ணூற்றைந்திலும் அவர் இருந்தார். எதுவுமே நேராதிருந்தாலும் மருத்துவரின் கணிப்பு பொய்த்ததாகாது. பெரிதாக நேர்ந்திருந்தாலும் அது மெய்யென்று நிலைநாட்டப்பட்டதாகாது. ஒரு மனிதனின் வாழ்வைக் கொண்டு நூற்றுக்கூற்றைச் சோதிக்க இயலாது. எத்துணைக் கவனமாக அவரைப் பார்த்துக்கொண்டோம் என்பதை மட்டும் சோதிக்கலாம்.

ஆசிரியப் பெருமக்களே, நாம் நாள்தோறும் கணித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பட்டியலில் பென்சில் குறி இடாதவர்கள்கூட மனத்தில் இட்டு வைத்திருக்கிறோம். அதைத் தவிர்க்க இயலாது, தவிர்க்கவும் வேண்டா. குறியிட்ட பெயருக்குரிய பிள்ளையின் அருகே மறுநாள் காலையில் சென்று நிற்கிறோமா என்பதே கேள்வி. அப்பின்வரிசைச் சிறுவன் இன்று எங்கிருக்கிறான் என்று நான் அறியேன். முப்பது வயதைக் கடந்திருப்பான். அவன் எழுந்து நின்று சொல்ல நினைத்த விடை சரியா தவறா என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. இன்று என் பள்ளியில் ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் பட்டியல் ஆக்கிக் கொண்டு வரும்போது, "இப்பெயர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்னும் ஒரு வினாவை மட்டும் கேட்கிறேன். அதற்கு விடை எழுதப்படாத பட்டியலில் நான் கையொப்பம் இடுவதில்லை.